பழைய படகின் வயரிங்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என எல்லாத் துறைமுகங்களிலும் படகுப் பராமரிப்பு நடக்கும் மாதங்கள் இவை. பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள். விளக்கு எரிகிறதே என்று வயரிங்கை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம்.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய விசைப்படகின் வீல்ஹவுஸில் சுவிட்ச் பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஜிபிஎஸ் வந்தபோது ஒரு ஒட்டு, எக்கோ சவுண்டர் வந்தபோது ஒரு ஒட்டு, வயர்லெஸ் வந்தபோது இன்னொன்று. எந்த வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

12 அல்லது 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால்தான் இந்த அலட்சியம். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். 60 வாட் விளக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், ஏறத்தாழ இருபது மடங்கு. வயரைச் சூடாக்குவது ஆம்பியர். அதனால் படகில் ஒவ்வொரு இணைப்பும் உறுதியாக இருந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கழற்றும் முன் வரைந்துகொள்ளுங்கள். இருப்பது இருக்கிறபடியே பல கோணங்களில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டி, அந்த எண் எதற்கு என்று நோட்டில் எழுதுங்கள். எங்கே போகிறது என்று தெரியாத வயரை மல்டிமீட்டர் வைத்துத் தேடுங்கள். எதற்கும் பயன்படாத பழைய வயரை முழுவதுமாக உருவி எடுத்துவிடுங்கள். பாதியில் வெட்டி விட்டால் அது என்றாவது ஒருநாள் எதன்மீதாவது உரசும்.

2. பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பெரும்பாலான படகுகளில் மைனஸ் இன்ஜினோடு சேர்ந்திருக்கும். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றினால், கையிலுள்ள ஸ்பேனர் இன்ஜினைத் தொட்ட கணமே ஷார்ட் ஆகும். பெரிய ஸ்டார்ட்டிங் பேட்டரி அப்போது ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும்; ஸ்பேனர் பழுத்துவிடும். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். உப்பு ஈரம் செம்பு இழைகளின் நடுவே ஏறிப்போகும். முனையில் பச்சைக் களிம்பு இருந்தால், உறைக்கு உள்ளேயும் கறுத்திருக்கும். சிறிது சிறிதாக வெட்டிப் பாருங்கள். பளிச்சென்ற செம்பு வராவிட்டால் அந்த வயரையே மாற்றுங்கள்.

4. படகுக்கு ஏற்ற வயரை வாங்குங்கள். வெள்ளீயம் பூசிய, பல இழைச் செம்பு வயர்தான் உப்புக்கும் அதிர்வுக்கும் தாங்கும். அது கிடைக்காவிட்டால் நல்ல தரமான பல இழைச் செம்பு வயரைப் போட்டு, முனைகளை நன்றாக மூடுங்கள். பிளஸுக்கு ஒரு நிறம், மைனஸுக்கு ஒரு நிறம் என்பதை அணியத்திலிருந்து அமரம்வரை மாற்றாதீர்கள்.

5. தடிமனைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். விளக்கு, பம்ப், வயர்லெஸ் போன்ற முக்கியமான லைன்களில் வோல்ட் இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். ஓர் உதாரணம்: 10 ஆம்பியர் இழுக்கும் பம்ப் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. போக 5, வர 5 என வயர் நீளம் 10 மீட்டர். 2.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.7 வோல்ட், 6 சதுர மி.மீ. வயரில் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. திரும்பி வரும் நீளத்தைச் சேர்க்காமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு.

6. ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் காப்பது வயரை. ஆகவே வயர் தாங்கும் ஆம்பியரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். 1.5 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், சூடான இன்ஜின் அறையிலும் பயமில்லை. சுவிட்ச் பலகைக்குப் போகும் மெயின் வயரின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அதைத் தள்ளி வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் ஓடும் வயருக்குக் காவல் இல்லை.

7. வளைய லக் போட்டு, சரியான கருவியால் அழுத்துங்கள். கவை வடிவ லக் திருகு சற்றுத் தளர்ந்தாலே நழுவிவிடும். வளைய லக் நழுவாது. வயரின் தடிமனுக்கு ஏற்ற லக்கை எடுத்து, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். பிறகு உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கி மூடுங்கள். பசை உருகி விளிம்பில் கசிந்தால் நீர் உள்ளே போகாது.

8. வயரை உயரத்தில் கொண்டுபோங்கள். அடித்தளத்தில் நீர் தேங்கும் இடத்தையும், சைலன்சர் குழாயையும், டீசல் குழாயையும் விட்டு விலக்குங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப் போடுங்கள். பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் செருகுங்கள். கருவிக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளையுங்கள். வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

9. பில்ஜ் பம்புக்குத் தனி வழி கொடுங்கள். படகைக் கட்டிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போன பிறகும், நீர் ஏறினால் தானே இயங்கும் பம்ப் ஓட வேண்டும். அதன் வயரைத் தனி ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள்.

10. ஒவ்வொன்றாக உயிர் கொடுங்கள். எல்லா ஃபியூஸையும் கழற்றிவிட்டுப் பேட்டரியை இணையுங்கள். பிறகு ஒரு ஃபியூஸ், ஒரு கருவி என்று மாட்டி, அது ஓடும்போதே பேட்டரியிலும் கருவியின் முனையிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

செய்யக்கூடாதவை

1. முறுக்கி டேப் சுற்றாதீர்கள். இன்ஜின் அறைச் சூட்டில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகிவிடும். டேப்புக்குள் புகுந்த உப்பு நீர் வெளியேறாமல் செம்பைத் தின்னும்.

2. ஃபியூஸ் போன இடத்தில் செம்பு இழையைக் கட்டாதீர்கள். ஆணி, வெள்ளித்தாள், பெரிய ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம் அதே ஆபத்துதான். ஃபியூஸ் எரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள். உதிரி ஃபியூஸ்களை வீல்ஹவுஸில் ஒரு டப்பாவில் வையுங்கள்.

3. வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயரைப் போடாதீர்கள். அதிர்வில் அது களைத்து, உறைக்குள்ளேயே ஒடியும். வெளியே பார்த்தால் தெரியாது. வெறும் பற்றவைப்பை மட்டும் நம்புவதும் தவறு. ஈயம் முடியும் இடத்தில் இழைகள் விறைத்து, அதிர்வில் முறியும்.

4. 24 வோல்ட் படகில் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்காதீர்கள். வயர்லெஸுக்காகப் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஒரு பேட்டரி எப்போதும் இறங்கியே கிடக்கும், மற்றொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போய்விடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் வையுங்கள்.

5. படகின் உடம்பை மைனஸ் வயராக ஆக்காதீர்கள். இரும்புப் படகானாலும் ஒவ்வொரு கருவிக்கும் மைனஸ் வயர் தனியாகத் திரும்பி வரவேண்டும். கசியும் மின்சாரம் கடல்நீர் வழியாக ஓடினால், புரொப்பல்லரையும் ஷாஃப்டையும் வெகுவேகமாக அரித்துவிடும்.

6. இன்ஜின் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் எகிறி, அதன் டயோடுகள் எரியும். ஜிபிஎஸ்ஸும் அதோடு சேர்ந்து போகலாம்.

7. மூடிய பேட்டரிப் பெட்டி அருகே தீப்பொறி எழவிடாதீர்கள். சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். பெட்டிக்கு மேல்புறம் காற்றுவழி இருக்கட்டும். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வேண்டாம்.

8. புளிப்பு நெடி அடிக்கும் சிலிகானை இணைப்புகளில் பூசாதீர்கள். அந்த நெடி அசிட்டிக் அமிலத்தினுடையது. நீரைத் தடுக்கும் என்று நம்பிப் பூசுவதே செம்பை அரிக்கும்.

9. ஜெனரேட்டர், இன்வெர்ட்டரின் 230 வோல்ட் வயரை 12, 24 வோல்ட் வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். உறை உரசித் தேய்ந்தால், ஷாக் அடிக்காது என்று நம்பித் தொடும் வயரிலேயே உயிர் போகும்.

10. வயர்லெஸில் பேச்சு கேட்கிறது என்பதை மட்டும் வைத்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். கேட்பதற்கு அரை ஆம்பியர்கூடத் தேவைப்படாது. 25 வாட்டில் பேசும்போது 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். மோசமான இணைப்பு இருந்தால் பட்டனை அழுத்தியதும் செட் அணைந்துவிடும். ஆபத்து நேரத்தில் 16-ஆம் சானலில் உதவி கேட்கும்போது அப்படி நடக்கக்கூடாது. கரையிலேயே பேசிப் பாருங்கள்.

கடலுக்குப் போகும் முன்

ஓர் இரவு படகின் விளக்குகளை எல்லாம் போட்டு, தள்ளி நின்று பாருங்கள். இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்னால் வெள்ளை, இழுவலை போடும்போது மேலே பச்சையும் அதற்குக் கீழே வெள்ளையும். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் கேட்பது இதைத்தான். கப்பல் செல்லும் வழியில் வலை போட்டு நிற்கும் படகுக்கு இந்த விளக்குகள்தான் பாதுகாப்பு.

புதிய வயரிங்கை வரைந்து, அதன் ஒரு பிரதியைச் சுவிட்ச் பலகையின் உள்பக்கம் ஒட்டுங்கள், இன்னொன்றை ஓட்டுநரிடம் கொடுங்கள். நடுக்கடலில் புகை வந்தால் எந்த ஃபியூஸைப் பிடுங்குவது என்று அவருக்கு உடனே தெரிய வேண்டும். படகு உரிமையாளர்களே, வலைக்கும் இன்ஜினுக்கும் செய்யும் செலவில் சிறு பங்கு இதற்குப் போதும். படகில் போகிறவர்களின் உயிர் இதில் இருக்கிறது. இந்தத் தடைக்காலத்திலேயே செய்து முடியுங்கள்.