"பல் கட்டணும்" என்றால் எது?



பல் பிரிவின் அறிக்கையில் நாங்கள் எழுதும் ஆர்.சி.டி., ஆர்.பி.டி., சி.டி. போன்ற சுருக்கங்கள் விளங்கவில்லை என்று உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். நியாயமான குறைதான். எங்களிடம் வரும் நோயாளிகளுக்கும் அவை விளங்குவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை: "பல் கட்டணும்." விலையும் வேலையும் வெவ்வேறான பல சிகிச்சைகளுக்கு இந்த ஒரே பெயர் இருப்பதால் வரும் தொல்லையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இருக்கும் பல்லைக் காப்பாற்றும் வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறோம். சொத்தையைச் சுரண்டி எடுத்துக் குழியை நிரப்புவது அடைப்பு. வெள்ளி, வெள்ளீயம், செம்பு இவற்றின் தூளைப் பாதரசத்தில் குழைத்து வைப்பது பழைய 'சில்வர்' அடைப்பு. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசமே. 2013-ம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் அதன் உபயோகம் குறைந்து வருகிறது. கிளாஸ் அயனோமர் என்பது பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும் அடைப்பு. மின்சாரம் இல்லாத இடத்திலும் கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டி இதை வைக்கலாம்.

சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் ஆர்.சி.டி., அதாவது வேர் சிகிச்சை. உள்ளே கெட்டுப்போன சதையையும் நரம்பையும் எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து மூடுகிறோம். வலி போனதும் பலர் திரும்பி வருவதில்லை. எங்களுக்குப் பெரிய வருத்தம் இதுதான். குடையப்பட்ட கடைவாய்ப்பல்லுக்குப் பலம் குறைவு. அதன்மேல் கிரவுன் என்ற உறை (ஜனங்கள் 'கேப்' என்பார்கள்) போடாவிட்டால், என்றைக்காவது வறுத்த கடலையைக் கடிக்கும்போது பிளந்துவிடும். பிளவு வேர்வரை போனால் பிடுங்கத்தான் வேண்டும்.

இல்லாத பல்லை வைப்பதில் பிரிட்ஜ் ஒரு வகை. இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி, அவற்றின்மேல் உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது. கழற்ற முடியாது. செதுக்கிய எனாமல் மறுபடி வளராது என்பதால், பக்கத்துப் பற்கள் நன்றாயிருந்தால் நாங்கள் தயங்குவோம். ஆர்.பி.டி. என்பது சில பற்களுக்கு மட்டும் கழற்றி மாட்டும் செட், சி.டி. முழு செட். இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி அதன்மேல் பல் வைப்பது. 1965-ல் ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்தது. செலவு அதிகம்.

சென்ற மாதம் ஒரு பாட்டியம்மா வந்தார்கள். கீழ் முன்பற்கள் இரண்டு இல்லாததற்குச் சந்தையோரத்தில் ஒருவர் ஒரே நாளில் 'பல் கட்டி'க் கொடுத்திருந்தார். அது பிரிட்ஜ் அல்ல. பொய்ப்பற்களைக் கம்பியாலும் உடனே இறுகும் அக்ரிலிக் பசையாலும் பக்கத்துப் பற்களோடு பிணைத்தது. அடியில் பிரஷ் போகாது. சோறு தங்கி, ஈறு சீழ்பிடித்து, நல்ல பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கிவிட்டன. அவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்றப் பற்களின் ஈறும் பலவீனமானதால் பிரிட்ஜைத் தாங்க ஆளில்லை. ஆர்.பி.டி. என்றோம்.

"ஏம்மா, கழட்டி மாட்டுறதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்?" என்று எங்கள் டாக்டரம்மாவிடம் கோபித்துக்கொண்டார்கள். கழற்ற முடிவதால்தான் கழுவ முடிகிறது என்பதை மாதிரிச் செட்டைக் கையில் கொடுத்துக் காட்டிய பிறகே சமாதானமானார்கள். இப்போதெல்லாம் வார்த்தையால் விளக்குவதற்கு முன் பொருளைத்தான் கொடுக்கிறோம்.

ஈறு ஆறி, அளவும் எடுத்தாயிற்று. (அளவெடுக்கும் ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது என்றதும் பாட்டியம்மா சிரித்துவிட்டார்கள்.) வருகிற வியாழக்கிழமை மெழுகில் பற்களை நிறுத்தி வாயில் வைத்துப் பார்க்கிறோம். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.