நடுக்கம் வேறு, இழுப்பு வேறு

கேள்வி (கல்லூரி மாணவர், பெண்ணாடம்): லீவு நாட்களில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ரேசிங் வீல் வாங்கினேன். பெட்டியில் 'ஃபீட்பேக்' என்று போட்டிருக்கிறது. கார் எதிலாவது மோதினால் தடதடவென்று அதிர்கிறது. வளைவில் திருப்பும்போது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. விருத்தாசலத்தில் நண்பன் வீட்டில் இருக்கிற வீல் கையைப் பிடித்து இழுக்கிறது. என்னுடையது பழுதா?

பதில்: மெய்கண்டார் பிறந்த ஊர்க்காரர் மெய் எது, பாவனை எது என்று கேட்கிறீர்கள். பொருத்தம்தான். பழுது இல்லை தம்பி. உங்கள் வீல் தனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது.

அதன் உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு மோட்டார் இருக்கும். தண்டின் முனையில் ஒரு பக்கமாகக் கனம் வைத்திருப்பார்கள். சுற்றினால் அந்தக் கனம் கூட்டையே ஆட்டும். சட்டைப்பையில் செல்போன் அதிர்வதும் இதே வித்தைதான். கவனிக்க வேண்டியது, ஸ்டீயரிங் தண்டுக்கும் அந்த மோட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நண்பன் வீட்டு வீலில் மோட்டார் கியர் வழியாகவோ பெல்ட் வழியாகவோ தண்டோடேயே பூட்டப்பட்டிருக்கும். இடப்பக்கம் இவ்வளவு பலத்தோடு திருப்பு என்று கேம் உத்தரவு போட்டால் அது திருப்பும். நீங்கள் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். இதற்குத்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பெயர்.

கார் வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள், வித்தியாசம் புரியும். வீல் பேலன்சிங் போனால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட் போனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு புகார், இரண்டு வைத்தியம். நடுக்கத்துக்குத் திசை கிடையாது, இழுப்புக்கு உண்டு. நடந்து முடிந்ததைத்தான் நடுக்கம் சொல்லும்: மோதிவிட்டாய், ஓரக்கல்லில் ஏறிவிட்டாய். இனி நடக்கப்போவதைச் சொல்வது இழுப்பு.

அது எப்படி? இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். வளைவில் திருப்பும்போது அந்த ரப்பர் பக்கவாட்டில் நெளிகிறது. தரையை அப்போதுதான் தொட்ட முன்பகுதி அவ்வளவாக நெளிவதில்லை. பின்பகுதிக்குப் போகப் போக நெளிவு கூடும். அதனால் வண்டியைத் திருப்பும் பக்க விசை, அந்த உள்ளங்கையின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. நடுவுக்குப் பின்னால் விசை விழுந்தால் அது சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். வளைவில் ஸ்டீயரிங் கனப்பதும், வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் தானே நேராவதும் இதனால்தான். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல் காரிலும் வைத்திருக்கும் சாய்வு இதற்குக் கூடுதல் துணை.

ருசியான இடம் இனிமேல்தான். இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாகத் திருப்பினால் அதிகம் நெளிந்த பின்பகுதி தாங்க முடியாமல் வழுக்க ஆரம்பிக்கும். பக்க விசை விழும் இடம் நடுவை நோக்கி முன்னால் நகரும். நேராக்கும் பலம் குறையும், ஸ்டீயரிங் லேசாகும். டயரின் பிடி முழுசாகப் போவதற்குக் கொஞ்சம் முன்பே இது நடந்துவிடும். அந்த இடைவெளிதான் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் அவகாசம்.

லாரி ஓட்டிய என் மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத அம்பாசிடரில் ஒரு மழைநாள், தொழுதூர் ரோட்டில் என்னை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரும்பு டிராக்டர்கள் கொட்டிவிட்டுப் போன சேறும் தோகையும் வளைவில் கூழாகக் கிடந்தது. அதுவரை தோள்பட்டையைப் பதம் பார்த்த ஸ்டீயரிங் சட்டென்று பஞ்சாகிவிட்டது. எனக்குச் சுகமாக இருந்தது! "டேய், கையில ஸ்டீயரிங் செத்துப்போச்சுன்னா ரோடு போயிடுச்சுன்னு அர்த்தம், ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு" என்று அதட்டினார். எடுத்தேன். இரண்டு நொடியில் கனம் திரும்பி வந்தது. நல்ல ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் தரவேண்டியது இந்த 'செத்துப்போகிற' உணர்வைத்தான். தடதடப்பு அதற்குமேல் தூவும் கொத்தமல்லி.

வரலாற்றிலும் இவை தனித்தனியாக வந்தவை. 1976-இல் சேகா நிறுவனத்தின் 'மோட்டோ கிராஸ்' ஆர்கேட் எந்திரத்தில் மோதினால் ஹேண்டில்பார் அதிரும். ஸ்டீயரிங்கை மோட்டார் இழுக்கும் வித்தை 1989-இல் அடாரியின் 'ஹார்ட் டிரைவின்' எந்திரத்தில் வந்தது. அதிர்வு மலிவு என்பதால் 1997-இல் நின்டெண்டோவின் ரம்பிள் பேக், சோனியின் டூயல்ஷாக் என்று வீட்டுக்குள் புகுந்து பரவியது. அந்த மலிவுதான் இன்றைக்கு உங்கள் பெட்டி மேல் 'ஃபீட்பேக்' என்று பாதிப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை கடையில் இப்படிப் பாருங்கள். யூ.எஸ்.பி. வயரை மட்டும் செருகி ஓடுகிற வீல் என்றால் அநேகமாக வெறும் அதிர்வுதான். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். அதில் உங்கள் கையை எதிர்த்து இழுக்க முடியாது. இழுக்கிற வீலுக்குத் தனி அடாப்டர் இருக்கும். கரண்ட் கொடுத்ததும் சாமி வந்தமாதிரி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தானாகச் சுற்றி நடுவில் வந்து நிற்கும். கரண்ட் இல்லாதபோது திருப்பிவிட்டால் திருப்பிய இடத்திலேயே கிடக்கும். உங்களுடையது கேம் ஓடாவிட்டாலும் ரப்பரோ ஸ்பிரிங்கோ இழுத்து எப்போதும் நடுவுக்கு வந்துவிடும். எவ்வளவு தூரம் சுற்றும் என்பதையும் பாருங்கள். மலிவு வீல்கள் 180, 270 டிகிரியோடு நின்றுவிடும். லாஜிடெக் ஜி29 போன்றவை 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று.

திருப்பிக் கொடுப்பது கடைக்காரர் மனசைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், புது அதிர்வு வீலைவிடப் பழைய இழுப்பு வீல் மேல். ஜி29 வந்தது 2015-இல். கைமாறி வருபவை கிடைக்கும். வாங்கும் முன் இரண்டு கோடிக்கும் பலமுறை சுற்றிப் பார்த்து, பல் தட்டுகிற இடம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, சிதம்பரம்): பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் எட்டு நியூட்டன் மீட்டர் 'டைரக்ட் டிரைவ்' வீல் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அது எவ்வளவு பலம்? கைக்கு ஆபத்தா?

பதில்: நீங்களே கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிடலாம் அம்மா. வீலின் விட்டம் 28 செ.மீ. என்றால் ஆரம் 14 செ.மீ. எட்டை 0.14-ஆல் வகுத்தால் 57 நியூட்டன். வீலின் விளிம்பில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அரிசிப் பையைத் தொங்கவிட்டதற்குச் சமம். சாதாரண கியர் வீல்கள் இரண்டு நியூட்டன் மீட்டரை ஒட்டியவை, அதாவது ஒன்றரைக் கிலோ. டைரக்ட் டிரைவில் கியரும் பெல்ட்டும் கிடையாது; மோட்டாரின் தண்டிலேயே வீலை மாட்டியிருப்பார்கள். அதனால் சின்னச் சின்ன உணர்வும் உராய்வில் தேயாமல் கைக்கு வரும். பலம் அதற்கு அடுத்த சேதிதான்.

ஆபத்து என்றால் கட்டைவிரலுக்குத்தான். கேமில் மோதும்போது வீல் வெடுக்கென்று சுழலும். உள்ளே மாட்டிய விரலைக் கம்பி அடிக்கும். விரலை விளிம்பின் மேலேயே வைத்துக்கொள்ளவும், மோதப்போகிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிடவும் பழக்குங்கள். நிஜப் பந்தய ஓட்டுநர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பலத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கலாம். இன்னொன்று, படிக்கிற மேஜையில் இதை மாட்டினால் மேஜைதான் ஓட்டும். வீல் விலையோடு ஸ்டாண்டு விலையையும் கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி (வாசகர், கடலூர்): கேமில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை நூறுக்கு நூறு வைத்திருக்கிறேன். வளைவில் கல்லு மாதிரி இருக்கிறது; ரோடு எதுவும் தெரியவில்லை. ஏன்?

பதில்: நூறு வைத்ததால்தான். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவிட்டால் பாட்டு கேட்காது, பிளிறல்தான் கேட்கும். மோட்டாரால் தர முடிந்ததைவிடக் கேம் அதிகமாகக் கேட்டால், உச்சியில் இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் வெட்டுப்படும். இதை ஆங்கிலத்திலும் ஆம்ப்ளிஃபயர்காரர்கள் சொல்லும் அதே வார்த்தையில் கிளிப்பிங் என்றுதான் சொல்கிறார்கள். மேலே நான் சொன்ன 'லேசாகிற' சேதி வருவது அந்த உச்சியில்தான். அதையே வெட்டிவிட்டால் வீல் வெறும் உடற்பயிற்சிக் கருவி.

'அசெட்டோ கோர்சா' விளையாடினால், பெடல் காட்டும் சின்னப் பெட்டியில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு பட்டை உண்டு. வெட்டுப்படும்போது சிவப்பாகும். நீண்ட, வேகமான வளைவில் சிவப்பு வராத அளவுக்கு அந்த நூறை, அதாவது கெயினை, இறக்குங்கள். ஓரக்கல்லில் ஏறும்போது ஒரு கணம் சிவந்தால் போகட்டும். கெர்ப், ரோடு, ஸ்லிப் எஃபெக்ட் என்று தனித்தனியாக இருப்பவற்றைச் சுழியத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அவை டயரின் கணக்கில் வராதவை, மேலே சேர்க்கும் மசாலா. எனக்கு அவை பிடிக்காது, பிடித்தவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். கியர் வீலில் நடுப்பகுதி செத்துக் கிடந்தால் மினிமம் ஃபோர்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கேள்வி (வாசகர், நெய்வேலி): வீட்டில் வீலில் பழகியே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட முடியுமா?

பதில்: இங்கிலாந்தின் ஜான் மார்டன்பரோ 2011-இல் கேம் போட்டி வழியாக வந்து நிஜப் பந்தயக்காரர் ஆனார், 2023-இல் அவர் கதை படமாகவும் வந்தது. ஆனால் அவரையும் காரில் உட்காரவைத்துப் பழக்கித்தான் இறக்கினார்கள். நம் நாட்டிலிருந்து 2005-இல் முதன்முதலாக ஃபார்முலா ஒன்னுக்குப் போன கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நிஜக் காரிலேயே வளர்ந்தவர். டிராக்கின் வளைவு வரிசை, பிரேக் போடும் இடம், பொறுமை இவை வீட்டிலேயே பழகும். பழகாதது இடுப்பு. காரின் பின்பக்கம் வழுக்குவதை முதலில் சொல்வது இருக்கையும் இடுப்பும்தான். கைக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வீட்டு நாற்காலி அசையாது. ஆகவே முதல் நாள் டிராக்கில் உங்கள் கண்ணும் கையும் பந்தயக்காரர், இடுப்பு எல்.எல்.ஆர். வாங்கியவர் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.