ஷிப்ட் கீயை ஐந்து முறை தட்டினால்...

கம்ப்யூட்டர் பழுதாகி நின்றுவிட்டால்கூடப் பொறுத்துக் கொள்கிறோம். "டூட்" என்ற சத்தத்துடன் ஒரு சிறிய கட்டம் குறுக்கே வந்தால் கோபம் தலைக்கேறுகிறது. தென்காசியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்பது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாட்களில், பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி கேம்ஸ் ஆடும்போது ஷிப்ட் கீ படாத பாடு படும், புகாரும் கூடும்.

இது வைரஸ் அல்ல. ஷிப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால், "ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கவா?" என விண்டோஸ் கேட்கிறது. வேண்டாம் எனில் "நோ" என்பதில் கிளிக் செய்திடவும்.

மீண்டும் வராமலிருக்க, விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, அக்சஸிபிலிட்டி, கீபோர்டு, ஸ்டிக்கி கீஸ் என வரிசையாகச் செல்லவும். அங்கு கீபோர்டு ஷார்ட்கட் என்பதை மட்டும் ஆப் செய்திடவும்.

விண்டோஸ் 95 தொகுப்பிலேயே இந்த வசதி இருந்தது. ஏன்? கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒரு சேர அழுத்தப் பெரும்பாலும் இரு கைகளும் வேண்டும். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர் என்ன செய்வார்? ஸ்டிக்கி கீஸ் இயங்கினால், அவர் ஒவ்வொரு கீயாக அழுத்தினால் போதும்.

குற்றாலம் அருவியில் உள்ள இரும்புக் கம்பி இளைஞர்களுக்கு இடைஞ்சல். வயதானவர்களுக்கு அதுதான் பிடிமானம். இதுவும் அப்படித்தான். உங்கள் வீட்டில் அதன் உதவி தேவைப்படுபவர் இருந்தால், ஷார்ட்கட்டை நிறுத்தும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.