திரை என்னும் ஆடரங்கு

நுழையும்முன்

மேடையில் நிகழும் ஆடலைச் சுவைப்பதற்கு நம் முன்னோர் இலக்கணம் வகுத்துள்ளனர். அவ்வாடல் திரைக்கென அமைக்கப்படும்போது ஆடுபவரோடு ஒளிப்பதிவுக் கருவியும் படத்தொகுப்பும் சேர்ந்துகொள்கின்றன. திரையில் நாம் காணும் ஓர் அசைவில் உடல் செய்தது எது, கருவி செய்தது எது எனப் பகுத்தறியும் பயிற்சியை இப்பாடம் அளிக்கிறது.

அரங்கின் அளவு

மாதவியின் ஆடலைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், அதற்குமுன் ஆசிரியர்களின் தகுதியையும் அரங்கின் அமைப்பையும் விரிவாகக் கூறுகிறார். அரங்கேற்று காதை காட்டும் அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு அங்கு விளக்குகள் வைக்கப்பட்டன. ஆடலை மதிப்பிட விரும்புவோர் அது நிகழும் இடத்தையும் அறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

திரையாடலுக்கும் ஓர் அரங்கு உண்டு. கருவியின் பார்வைக்குள் அடங்கும் நாற்கோணப் பரப்பாகிய சட்டகமே அவ்வரங்கு. மேடையின் முன் அமர்ந்திருப்பவர் எதைப் பார்ப்பது எனத் தாமே முடிவு செய்கிறார். ஒருவர் பாதத்தைப் பார்ப்பார். மற்றொருவர் முகத்தைப் பார்ப்பார். திரையில் அவ்வுரிமை இயக்குநருக்கும் படத்தொகுப்பாளருக்கும் சென்றுவிடுகிறது. அண்மைக்காட்சியில் ஆடுபவரின் கண்ணசைவு கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புலப்படுகிறது. அதே நொடியில் தாளமிடும் பாதங்கள் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. கருவி ஒன்றைக் கொடுக்கும்போது மற்றொன்றை எடுத்துக்கொள்கிறது.

உடலும் கருவியும்

இக்கொடுக்கல் வாங்கலை இருவேறு படங்களைக் கொண்டு உணரலாம்.

அமெரிக்கத் திரைக்கலைஞர் பிரெட் அஸ்டேர், தம் ஆடலில் தலைமுதல் பாதம்வரை முழு உருவமும் தெரிய வேண்டும், இடையில் வெட்டுகள் குறைவாக இருக்க வேண்டும் என வலியுறுத்தியவர். 1951ஆம் ஆண்டு வெளிவந்த ‘ராயல் வெட்டிங்’ படத்தில் அவர் ஓர் அறையின் சுவரிலும் கூரையிலும் ஆடுகிறார். அவ்வறை முழுவதும் சுழலுமாறு அமைக்கப்பட்டிருந்தது. கருவியும் அறையோடு பிணைக்கப்பட்டுச் சுழன்றது. ஆகவே, அஸ்டேர் எப்போதும் அடிப்பகுதியில் ஆடிக்கொண்டிருக்க, நம் கண்களுக்கு அவர் கூரையில் ஆடுவதாகத் தோன்றியது. காலடிகள் அனைத்தும் அவருடையவை. ‘மேல்’, ‘கீழ்’ என்னும் மயக்கம் மட்டுமே கருவியுடையது.

மாயா டெரன் 1945ஆம் ஆண்டு உருவாக்கிய குறும்படம் வேறு வழியில் செல்கிறது. ஒளிப்பதிவுக் கருவிக்கென ஆடல் அமைத்தலைப் பற்றிய ஆய்வு எனப் பொருள்படும் தலைப்புடைய அப்படம், சில நிமிடங்களே ஓடும் ஒலியில்லாப் படம். ஆடற்கலைஞர் டாலி பீட்டி காட்டில் நின்று காலை உயர்த்துகிறார். அக்கால் ஒரு வீட்டின் அறைக்குள் இறங்குகிறது. பின்னர் அவர் தாவும் தாவல், பல காட்சித்துண்டுகளை இணைத்து நீட்டப்படுகிறது. எந்த மனித உடலாலும் அவ்வளவு நேரம் நிலத்தைத் தொடாமல் இருக்க இயலாது. மேடையில் இவ்வாடலை நிகழ்த்த முடியாது. உடலும் படத்தொகுப்பும் கூடிப் பெற்ற குழந்தை அது. படத்தின் தலைப்பில் டெரனின் பெயரோடு பீட்டியின் பெயரும் இடம்பெற்றிருப்பது இங்கு எண்ணத்தக்கது.

முரசுகள் ஆடிய காட்சி

தமிழ்த் திரையில் எஸ். எஸ். வாசன் இயக்கிய ‘சந்திரலேகா’ (1948) படத்தின் முரசு நடனத்தை இக்கண்கொண்டு காணலாம். பேருருவ முரசுகளின்மேல் வரிசை வரிசையாக ஆடற்கலைஞர்கள் ஆடுகின்றனர். தொலைவிலிருந்து காணும்போது தனி ஒருவரின் அசைவு தெரிவதில்லை. வரிசைகளின் கோலமே ஆடுவதாகத் தோன்றுகிறது. ஆடல் முடிந்ததும் முரசுகளைப் பிளந்துகொண்டு போர்வீரர்கள் வெளிப்படுகின்றனர். மகிழ்ச்சிக்குரிய கூத்தாகத் தோன்றியது போர்ச்சூழ்ச்சியாக மாறுகிறது.

இக்காட்சியின் பெருமை யாருக்குரியது? இயக்குநரின் பெயரை நாடறியும். கதைத்தலைவியாக நடித்த டி. ஆர். இராஜகுமாரியையும் அறியும். ஒரே கணத்தில் ஒரே அடியை வைத்து அக்கோலத்தை உருவாக்கிய குழுவினரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒருவர் தாளம் தவறினாலும் கோலம் கலைந்துவிடும் அல்லவா? திரையாடலை ஆராய்பவர் அக்கால்களுக்கும் உரிய இடத்தை அளித்தல் வேண்டும்.

எஞ்சி நிற்பது

ஆடல், ஆடி முடித்த கணத்தில் மறையும் கலை. பரதக் கலைஞர் த. பாலசரசுவதி 1984ஆம் ஆண்டு மறைந்தார். அவரைப் பற்றிச் சத்யஜித் ராய் 1976ஆம் ஆண்டு ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அவர் ஆடலை மேடையில் காணும் வாய்ப்பு இன்றைய மாணவருக்கு இல்லை. அத்தகைய பதிவே அவருக்கும் நமக்கும் இடையிலான பாலம். அங்கும் ராயின் கருவி தேர்ந்து காட்டியதையே நாம் காண்கிறோம். சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டதை மீண்டும் பெற வழியில்லை. கருவியை எங்கே வைப்பது என்னும் முடிவு, வருங்காலத்திற்கு எதை விட்டுச்செல்வது என்னும் முடிவாகவும் ஆகிறது.

இன்று கைப்பேசியில் ஆடலைப் பதிவு செய்யும் மாணவர்கள் பலர். பள்ளி ஆண்டுவிழாவில் தோழி ஆடுவதைப் படமெடுக்கும்போது அவள் பாதங்களைச் சட்டகத்துக்குள் வைப்பதா, விடுவதா என்று முடிவு செய்பவர் நீங்களே. அம்முடிவு அவளது உழைப்பைப் போற்றுவதாக அமையட்டும்.

தெரிந்து தெளிவோம்

நடனமேதை உதயசங்கர் இயக்கி நடித்த ‘கல்பனா’ என்னும் இந்தித் திரைப்படமும் 1948ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆடலையே மையமாகக் கொண்ட அப்படம் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் உருவானது. ‘சந்திரலேகா’வை உருவாக்கிய நிலையமும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. திரையாடல் ஒன்றை முதலில் முழுமையாகவும் பின்னர் ஒலியை நிறுத்தியும் காண்க. காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடிட்டு எண்ணிக்கையைக் குறிக்க.

2. பாதங்கள் தெரியாத இடங்களைக் குறித்து, அங்கு அவற்றுக்கு ஈடாகக் கருவி எதைக் காட்டியது என எழுதுக.

3. ‘உடல் செய்தது’, ‘கருவி செய்தது’ என இரு பத்திகளாகப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

4. உங்கள் பகுதிக் கூத்துக் கலைஞர் ஒருவரின் ஆடலை அவர் இசைவு பெற்று இருவேறு இடங்களிலிருந்து பதிவு செய்க. அவரிடமே காட்டி, எது தம் ஆடலுக்கு நேர்மையாக உள்ளது எனக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.