400 ரூபாய் எப்படி 3,422 ஆனது? இணையக் கட்டணத்தை வைத்து மூன்று பாடவேளைகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஓர் அம்மா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் மாணவியின் தாய். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்ப்பவர். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, வீட்டுக் கதவில் யாரோ செருகிவிட்டுப் போன விளம்பரச் சீட்டு: ‘மாதம் 400 ரூபாய் மட்டுமே, அளவில்லா இணையம்.’ மற்றொன்று, இணைப்புக் கொடுக்க வந்தவர் எழுதிக் கொடுத்த மொத்தத் தொகை: 3,422 ரூபாய்.

“நானூறுன்னு போட்டுட்டு மூவாயிரத்துச் சொச்சம் கேக்கறாங்க மிஸ். ஏமாத்தறாங்களா, இல்ல எனக்குத்தான் புரியலையா?”

அவருடைய மகள் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பயிற்சிக் காணொளிகளை அம்மாவின் கைப்பேசியில்தான் பார்க்க வேண்டும். அம்மா வேலை முடிந்து வீடு சேர இரவு எட்டு மணி ஆகும். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்த நாள்களும் உண்டு.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. ‘பொது மற்றும் தனியார் துறைகள்’ பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஆனாலும் அந்த அம்மாவின் கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டு கணித ஆசிரியரிடம் போனேன். இருவரும் சேர்ந்து மூன்று பாடவேளைகளைத் திட்டமிட்டோம். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: சீட்டைப் படித்தல்

பெயரும் எண்ணும் தெரியாதபடி மறைத்து, தொகைகளை மட்டும் கரும்பலகையில் எழுதினோம். ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும்: 400 × 6 = 2,400. இணைப்புக் கட்டணம் 500. கூட்டினால் 2,900. இதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 522 ரூபாய். ஆக மொத்தம் 3,422.

எட்டாம் வகுப்புக் கணிதத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற இயலில் ஜி.எஸ்.டி. கணக்குகள் வருகின்றன. அந்தக் கணக்கைப் போட முடிந்த பிள்ளைகளுக்கு இந்தச் சீட்டு பத்து நிமிட வேலைதான். சீட்டில் பொய் எதுவும் இல்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஆனால் ‘400 மட்டுமே’ என்ற சொல்லில் வரியும் இல்லை, முன்பணமும் இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு மாதச் செலவு 570 ரூபாய்க்குச் சற்று மேல். அதற்குப் பிறகுதான் வரியோடு 472.

அடுத்ததாக வேகக் கணக்கு. விளம்பரத்தில் வேகத்தை ‘பிட்’ கணக்கில் சொல்வார்கள். நாம் பதிவிறக்கும் கோப்பின் அளவோ ‘பைட்’ கணக்கில் இருக்கும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். விநாடிக்கு 30 மெகாபிட் என்றால் விநாடிக்கு 3.75 மெகாபைட். 300 மெகாபைட் அளவுள்ள பாடக் காணொளி இறங்க 80 விநாடி ஆகும். இந்த எட்டால் வகுக்கும் கணக்கைப் பெரியவர்களிலும் பலர் செய்வதில்லை என்பதைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பார்த்து மறுநாள் வந்து சொன்னார்கள்.

கைப்பேசி ரீசார்ஜையும் சேர்த்துக்கொண்டோம். 28 நாளுக்கு 299 ரூபாய் என்றால் ஆண்டுக்கு எத்தனை முறை? வகுப்பில் பாதிப் பேர் 12 என்றார்கள். 365-ஐ 28-ஆல் வகுத்தபோது 13 வந்தது. 299 × 13 = 3,887. மாதத்துக்கு ஏறத்தாழ 324 ரூபாய்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். “மூன்று கைப்பேசி உள்ள வீட்டில் 28 நாளுக்கு 897 ரூபாய் போகிறது. வீட்டு இணைப்போ 472 ரூபாய்தான். பாதிச் செலவு மிச்சம்” என்று எழுதிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “நெட் போட்டாலும் பேசறதுக்கு ரீசார்ஜ் பண்ணித்தான மிஸ் ஆகணும்?” அவன் சொன்னது சரி. எழுதியதை அழித்தேன். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தை நிறுவனங்கள் தனியாகத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதிமுறை கொண்டுவந்தது. அப்படிப்பட்ட திட்டத்தின் விலையைக் கடையில் கேட்டுவந்து கணக்கைத் திருத்துவது அன்றைய வீட்டுப்பாடம் ஆயிற்று.

இரண்டாம் பாடவேளை: விலை குறைந்த கதை

காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பேருந்துகளைப் பற்றிய கேள்வியோடு தொடங்கினேன். ஒரு பேருந்தை விட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? “அடுத்தது பின்னாடியே வரும் மிஸ்” என்றார்கள் நகரத்துப் பிள்ளைகள். லத்தேரிக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வரும் மாணவன், “எங்களுக்குக் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு” என்றான். ஒரே பேருந்து இருக்கும் ஊரில் அது வரும் நேரம்தான் நம் நேரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு காலக்கோட்டுக்குள் போனோம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. 1998-ல் தனியார் நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. 2004-ன் அகலக்கற்றைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது அகலக்கற்றை என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தொலைபேசிக் கம்பி வழியாக அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கியது. அந்த 256 கிலோபிட் வேகத்தில் நம் 300 மெகாபைட் காணொளி இறங்க 9,375 விநாடி, அதாவது இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பிள்ளைகள் நம்ப மறுத்து மறுபடியும் வகுத்துப் பார்த்தார்கள். இன்று அந்த வரையறை மாறிவிட்டது. 2013-ல் 512 கிலோபிட் ஆகி, 2023 ஜனவரியில் விநாடிக்கு 2 மெகாபிட் ஆனது.

விலைப் போட்டியைக் காட்ட 2020-ஆம் ஆண்டின் சில வாரங்களே போதும். 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் மாதம் 699 ரூபாயிலிருந்து திட்டங்களை அறிவித்திருந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடி, பாடமும் வேலையும் வீட்டுக்கு வந்த 2020-ல், ஆகஸ்ட் இறுதியில் 30 மெகாபிட் வேகத்துக்கு 399 ரூபாய் என்று இறங்கிவந்தது. செப்டம்பரில் ஏர்டெல் 40 மெகாபிட் வேகத்துக்கு 499 ரூபாய் என்றது. அக்டோபரில் பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். 30 மெகாபிட் வேகத்துக்கு 449 ரூபாய் என்றது. எல்லாம் வரி நீங்கலான விலை. “யாரும் யாருக்கும் நல்லது செய்யணும்னு குறைக்கலை. பக்கத்துக் கடை குறைச்சதால குறைச்சாங்க” என்று ஒரு மாணவி சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

அதோடு நிறுத்தினால் பாடம் பாதிதான். 2024 ஜூலையில் கைப்பேசிக் கட்டணம் உயர்ந்த கதையையும் சொன்னேன். 28 நாளுக்கான திட்டங்களில் ஜியோவில் 239 ஆக இருந்தது 299 ஆனது. ஏர்டெலில் 265 ஆக இருந்ததும், வோடஃபோன் ஐடியாவில் 269 ஆக இருந்ததும் அதே 299-க்கு வந்து நின்றன. கிடைக்கும் டேட்டா அளவு வேறு வேறு, விலை மட்டும் ஒன்று. விற்பவர்கள் ஒரு சிலரே இருக்கும் சந்தையில் விலை சேர்ந்து இறங்குவதும் உண்டு, சேர்ந்து ஏறுவதும் உண்டு. மேல்நிலை வகுப்பில் ‘சில்லோர் முற்றுரிமை’ என்று படிக்கப்போவதன் முதல் வடிவம் இது. அந்தச் சொல்லை எட்டாம் வகுப்பில் நான் தேர்வுக்காகச் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் பாடவேளை: எங்கள் தெருவில் எத்தனை கம்பி?

முந்தைய நாளே ஒரு களப்பணி கொடுத்திருந்தேன். உங்கள் தெருவுக்கு எத்தனை நிறுவனங்கள் வீட்டு இணைய இணைப்புத் தருகின்றன என்று கேட்டு, தெருவின் படம் வரைந்து குறித்துவர வேண்டும். உள்ளூர்க் கேபிள் டி.வி. நடத்துபவர்கள் பல இடங்களில் பெரிய நிறுவனங்களுக்காகக் கம்பி இழுத்துப் பராமரிக்கிறார்கள் என்பதால் அவர்களையும் விசாரிக்கச் சொன்னேன்.

காந்தி நகர்ப் பிள்ளைகளின் படங்களில் மூன்று, நான்கு பெயர்கள் இருந்தன. ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் சிலரின் படத்தில் ஒரே பெயர். லத்தேரிப் பக்கத்து மாணவன் கம்பத்தை மட்டும் வரைந்து, கம்பி வரையாமல் விட்டிருந்தான்.

அப்போது பேரணாம்பட்டில் பாட்டி வீடு உள்ள ஒரு மாணவி சொன்னதை மறக்க முடியாது. அங்கே பெண்கள் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கிறார்கள், ஜோடிக் கணக்கில் கூலி. “எங்க பாட்டி தெருவுல தைக்கக் குடுக்கற ஏஜென்ட் ஒருத்தர்தான். அவரு சொல்றதுதான் ரேட்டு. அடுத்த தெருவுல ரெண்டு பேரு வராங்க, அங்க கொஞ்சம் கூடக் கிடைக்கும்.” வாங்குபவர் ஒருவர் என்றாலும், விற்பவர் ஒருவர் என்றாலும், எதிரே நிற்பவருக்கு வேறு வழி இல்லை. நான் தேடித் தேடி வைத்திருந்த உதாரணங்களை எல்லாம் அந்த ஒரு வாக்கியம் தள்ளிவிட்டது.

நிறுவனத்தை மாற்றுவது எளிதா என்பதும் பேச்சில் வந்தது. கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு அப்படி இல்லை. புதிய கம்பி, புதிய மோடம், சில இடங்களில் மறுபடியும் இணைப்புக் கட்டணம். கட்டிய முன்பணம் தீரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே சேருவதற்கு முன்பே கேட்க வேண்டியவற்றை வகுப்பே தொகுத்தது:

1. சொல்லும் கட்டணத்தில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா?
2. எத்தனை மாத முன்பணம்? இடையில் நிறுத்தினால் மீதி திரும்பக் கிடைக்குமா?
3. இணைப்புக் கட்டணம் உண்டா? மோடம் யாருக்குச் சொந்தம்?
4. ‘அளவில்லா’ என்பதற்கு அளவு என்ன? அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு?
5. கம்பி அறுந்தால் யாரை அழைப்பது?

நான்காவது கேள்விக்கு விடை சொல்வது நிறுவனத்தின் கடமை. அளவையும் அதற்குப் பிறகான வேகத்தையும் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

இதை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். எந்த நிறுவனம் நல்லது என்று நாம் சொல்லக் கூடாது. அது நம் வேலை இல்லை. ‘யார் வீட்டில் நெட் இல்லை, கை தூக்கு’ என்று கேட்காதீர்கள், தெருவைக் கேளுங்கள், வீட்டைக் கேட்காதீர்கள். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வாரத்துச் சீட்டுகளையே பயன்படுத்துங்கள்.

ஐந்து கேள்விகளையும் அந்த மாணவி ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தாள். அவர் அதே தெருவுக்கு இணைப்புத் தரும் இன்னொருவரிடமும் கேட்டிருக்கிறார். அங்கே மாதம் 450, இணைப்புக் கட்டணம் இல்லை, மூன்று மாத முன்பணம் போதும். வரியோடு 1,593 ரூபாய். மகள் ஆண்டுக் கணக்கைப் போட்டாள். முதல் நிறுவனத்தில் 6,254, இரண்டாவதில் 6,372. முதலாவதே 118 ரூபாய் மலிவு. அம்மா இரண்டாவதைத்தான் எடுத்தார். “மலிவுதான் மிஸ். ஆனா ஒரே தடவையா 3,422 எங்க இருக்குது?” என்றார். கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவருக்கு எது மலிவு என்ற கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாமல் இருந்தது. இந்த ஆண்டு அதை நான்காவது பாடவேளையாகச் சேர்த்திருக்கிறேன்.

கம்பி வரையாத மாணவன் கடைசியில் கேட்டான்: “எங்க ஊர்ல அஞ்சு கேள்வியையும் யார்கிட்ட மிஸ் கேக்கறது?” லாபம் குறைவான இடத்துக்குப் போட்டி தானாக வருவதில்லை, அங்கேதான் பொதுத்துறையின் தேவை தொடங்குகிறது என்று சொன்னேன். பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பொறுப்பு, மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துக்குத் தரப்பட்டிருப்பதை விளக்கினேன். அவனும் நண்பர்களும் தங்கள் ஊராட்சிக்கு அந்தக் கம்பி வந்துவிட்டதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவர ஒரு கடிதம் எழுதினார்கள்.

விடை வரும்வரை அவன் தேர்வு காத்திருக்காது. தலைமையாசிரியரின் அனுமதியோடு, பள்ளி முடிந்த பிறகு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தை முக்கால் மணி நேரம் திறந்து வைக்கிறோம். நானும் கணித ஆசிரியரும் முறை வைத்து இருக்கிறோம். என்.எம்.எம்.எஸ். எழுதும் பிள்ளைகள் வருகிறார்கள். மாலையில் இருக்கும் அந்த ஒரே பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் அவன் மட்டும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறான்.