கணனிக்கும் வேலி வேண்டுமா?

கணனி என்பது படித்தவர்களின் பொருள் என்று நாம் எண்ணியிருந்த காலம் போய்விட்டது. ஊரை விட்டு இடம்பெயர்ந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவை இன்று ஸ்கேன் செய்யப்பட்டு ஒரு கணனியில் அல்லது பென் டிரைவில் கிடக்கின்றன. மூலப்பிரதி எரிந்தோ தொலைந்தோ போனவர்களுக்கு அந்தப் பிரதியே மிஞ்சிய சாட்சி. அதையும் ஒரு வைரஸ் அழித்துவிட்டால் காணிக் கந்தோரில் எதைக் காட்டுவது?

ஆகவே, மேசைக் கணனியில் வைரஸிலிருந்து பாதுகாப்பு முதலிலேயே உள்ளமைந்திருக்க வேண்டுமா, அல்லது வாங்குபவர் அதைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எமக்கும் உரியது. இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

1. வைரஸ் என்றால் என்ன?

வைரஸ் தானாக முளைப்பதல்ல. மனிதர் எழுதும் ஒரு நிரல். ஒரு கணனியில் புகுந்து, தன்னைத் தானே பிரதி எடுத்து, அடுத்த கணனிக்குத் தாவுவது அதன் இயல்பு. 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்ற வைரஸ் பிளொப்பி தட்டுகள் மூலம் உலகெங்கும் பரவியது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒன்று காதல் கடிதம் போல வேடமிட்டு மின்னஞ்சலில் வந்தது. திறந்தவர்களின் கோப்புகளைப் பாழாக்கியது.

இன்று அதிகம் அஞ்சவேண்டியது கப்பம் கோரும் மென்பொருள். அது எமது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பைத் தருவதற்குப் பணம் கேட்கும். பணம் கொடுத்தாலும் திறப்பு வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

2. வயல் தரும் பாடம்

அறக்கொட்டி விழுந்த வயலை நாம் அறிவோம். அதைச் சமாளிக்க இரண்டு வழிகள். ஒன்று, பூச்சி கண்ட பின் மருந்து அடிப்பது. மற்றது, தாங்கும் சக்தியை விதையிலேயே கொண்ட இனத்தை விதைப்பது. மருந்துக்குக் காசு வேண்டும். விதையில் உள்ள சக்தி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றுதான்.

ஆனால் விதையின் சக்தியும் என்றைக்கும் நிற்பதில்லை. அறக்கொட்டியைத் தாங்கும் இனமாக ஐ.ஆர். 26 என்ற நெல் 1973 இல் பிலிப்பைன்ஸில் வெளியிடப்பட்டது. சில வருடங்களிலேயே பூச்சி அதற்குப் பழகிக்கொண்டது. புதிய இனங்களைத் தேட வேண்டியதாயிற்று. கணனியின் கதையும் இதுவே.

3. பாதுகாப்பு உள்ளே வந்த வரலாறு

நீண்ட காலம் வைரஸ் எதிர்ப்பு தனியாக விற்கப்பட்ட சரக்காகவே இருந்தது. வருடா வருடம் பணம் கட்டக்கூடியவருக்குப் பாதுகாப்பு, மற்றவருக்கு அதிர்ஷ்டம். 2004 இல் விண்டோஸ் எக்ஸ்பி கணனிகளுக்கு வந்த ஒரு பெரிய திருத்தம், இணையத்திலிருந்து வரும் அத்துமீறலைத் தடுக்கும் சுவரைத் தானாகவே இயங்கச் செய்தது. 2009 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவச வைரஸ் எதிர்ப்பு ஒன்றை வெளியிட்டது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது கணனிக்குள்ளேயே அமைந்து வருகிறது. அப்பிள் கணனிகளிலும் 2009 முதல் இத்தகைய ஏற்பாடு உண்டு.

வைரஸ் எதிர்ப்பு விற்கும் நிறுவனங்கள் இதை விரும்பவில்லை. கஸ்பர்ஸ்கி நிறுவனம் 2017 இல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் முறையிட்டது. மாற்றங்கள் செய்ய மைக்ரோசொப்ட் இணங்கிய பின் முறைப்பாட்டைக் கைவிட்டது. எல்லா வயலிலும் ஒரே இனத்தை விதைத்தால் ஒரே பூச்சி எல்லாவற்றையும் தின்றுவிடும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மின்சாரம் எடுத்த வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் எவ்வாறு அவசியமோ, அவ்வாறே கணனிக்கும் அடிப்படைப் பாதுகாப்பு அவசியம். அது வசதியுள்ளவரின் சலுகையாக இருக்கக்கூடாது என்பதே எமது கருத்து.

4. கொழும்பில் நடந்தது

அப்படியானால் உள்ளே பாதுகாப்பு இருந்தால் போதுமா? போதாது என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன.

காரணம் என்ன? மின்னஞ்சலை நடத்திய மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதல் இருந்தும் நிதித் தட்டுப்பாட்டினால் பிந்தியது என்று விளக்கம் கூறப்பட்டது. அந்தக் காலப்பகுதிக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த தனிப்பிரதியும் இருக்கவில்லை.

உலகிலும் இதே கதை. 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்ற மென்பொருள் 150 இற்கும் மேற்பட்ட நாடுகளில் கணனிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே இலவசமாக வந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். வேலி இருந்தது, பொட்டு அடைக்கப்படவில்லை.

5. நாம் செய்யக்கூடியவை

• விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பின் வந்த கணனியில் உள்ளமைந்த பாதுகாப்பை நிறுத்தாதீர்கள். வீட்டுப் பாவனைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். இரண்டு வைரஸ் எதிர்ப்புகளை ஒன்றாக இயக்க வேண்டாம்.

• 'அப்டேட்' கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய கணனி வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

• களவுப் பிரதி மென்பொருளைப் போடுவதற்குப் பாதுகாப்பை நிறுத்தச் சொல்வார்கள். அது கள்வனுக்காக நாமே படலையைத் திறந்து விடுவதாகும்.

• காலி வீதியிலோ ஜம்பட்டா வீதியிலோ கடையில் அச்செடுத்தால், உங்கள் கோப்பைக் கடைக் கணனியில் விட்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பென் டிரைவைச் சோதித்த பின்பே திறவுங்கள்.

• முக்கியமான பத்திரங்களுக்கு இரண்டு பிரதிகள் வையுங்கள். ஒன்று எப்போதும் கணனியிலிருந்து கழற்றப்பட்டு, முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்கட்டும். விதைநெல்லை நாம் சாப்பாட்டு நெல்லோடு கலந்து வைப்பதில்லையே!

குழுவில் சிந்திக்க

அ. எமது குடும்பத்தின் எந்தப் பத்திரங்கள் கணனியில் மட்டுமே உள்ளன? அவை இன்றிரவு அழிந்தால் என்ன செய்வோம்?

ஆ. பிள்ளைகள் மட்டும் கணனியை அறிந்த வீட்டில், பெற்றோர் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இ. அயலிலுள்ள நான்கு ஐந்து குடும்பங்கள் சேர்ந்து தங்கள் பத்திரப் பிரதிகளைப் பாதுகாப்பாக வைக்க ஓர் ஒழுங்கு செய்யலாமா? அடுத்த கூட்டத்துக்கு முன் அதைத் தொடங்குபவர் யார்?