தக்காளி இலை நனையாமல் இறையுங்கோ

நல்லூர்ச் செம்மண்ணில் தண்ணீர் கெதியாய் வடிந்துவிடும். அதற்காகக் குழாயைப் பிடித்துச் செடியின் தலையில் அடிக்கக் கூடாது. இலையில் ஈரம் தங்கினால் கருகல் பங்கசுக்குக் கொண்டாட்டம். விடியவே வாய்க்கால் வழியே அடியில் பாயவிடுங்கள். சொட்டுநீரென்றால் கிணற்றுக்கும் நல்லது.

அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாய்க் கபிலப் புள்ளி, சுற்றிவர மஞ்சள்: முன்கருகல் அதுதான். கிள்ளி எரித்துவிடுங்கள், பசளைக் குழியில் போடவேண்டாம். தடி நட்டுக் கட்டி, அடியில் வைக்கோல் பரப்பினால் மழைக்கு மண் தெறிக்காது. மார்கழிப் பனிக்காலத்தில் நாளாந்தம் ஒரு சுற்றுப் பார்வை வேண்டும். உருளைக்கிழங்கு, கத்தரி நின்ற பாத்தியில் 2 வருடமாவது தக்காளி வைக்காதீர்கள். மருந்தென்றால், நோய்பட்ட இலையோடு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்; பக்கத்துத் தோட்டக்காரர் அடித்ததையே நாமும் அடிப்பது வீண்செலவு.